கருவாட்டு நேர்த்தி

கொட்டாஞ்சேனை
4 ஆகஸ்ட் 2003

அன்புள்ள மச்சாளுக்கு,

இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தரமும் என் குரலைக் கேட்டதும் "அவர் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் அண்ணாவைக் கேட்கவில்லை. உங்களோடு கதைக்கத்தான் எடுத்தேன். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம்தான். ஆனால் இன்னொரு நாள் மிச்சத்தை வாசிக்கலாம்.

வெள்ளவத்தைக்கு நேரே வராமல் தபாலில் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு ஆறு மாதம் சனக்கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஒருவர் தும்மினாலே போதுமாம்.

நன்றி சொல்ல வேண்டும். அண்ணாவுக்குச் சொன்னேன். "போடி விசரி, ரெண்டில ஒண்டு சும்மாதானே கிடந்தது" என்றார். உங்களுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் தன் சிறுநீரகத்தைத் தரச் சம்மதித்துக் கையெழுத்து வைத்த தாளில் உங்கள் கையெழுத்தும் இருந்தது. அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "செலீன், நான் சைன் பண்ணிப்போட்டன். ஆனா அது பழுதாப் போச்சுது எண்டு மட்டும் ஒருநாளும் என்னட்ட வந்து நிக்காதையும்."

அதை நான் கோபமாக எடுக்கவில்லை. நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். நியாயமான நிபந்தனைதான்.

இங்கே எல்லாம் நல்லபடி. கிளினிக்கில் திருப்தி என்கிறார்கள். தை மாதம் பாடசாலை நூலகத்து வேலைக்குத் திரும்பலாமாம். உங்கள் மகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் விரும்பினால் அண்ணாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
செலீன்

*

வெள்ளவத்தை
11 ஆகஸ்ட் 2003

செலீன்,

"எல்லாம் நல்லபடி" என்று எழுதியிருக்கிறீர். பொய் எழுதுவதென்றால் என்னைத் தவிர்த்து வேறு யாருக்காவது எழுதும்.

கொட்டாஞ்சேனையில் நீர் மாதாமாதம் கொடுக்கிற இரத்தம் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தீரா? அங்கே ஊசி குத்துவது மட்டும்தான். குழாய்கள் எல்லாம் பின்னேரம் வெள்ளவத்தைக்கு, நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு வருகின்றன. ஜூன் மாதம் ஒரு குழாயில் "செலீன் வலன்ரைன்" என்று கண்டேன். பக்கத்து மேசை ஹமீமாவிடம் தள்ளிவிட்டேன். "ஏன் மிஸ், ஒங்கட ஊட்டுப் பேரு மாதிரி இருக்கே?" என்றாள். "மாதிரி இல்லை, அதேதான், நீர் பாரும்" என்றேன். ஆனால் றிப்போட்டில் கையெழுத்து வைப்பது நான். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்க எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

கிரியேற்றினின் 1.1. கழிவை வடிகட்டுவதில் அந்தச் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய பொஸ்பேற்? ஜூனில் 2.1. ஜூலையில் 1.7. இம்மாதம் 1.3. அது இரண்டரைக்குக் கீழே இறங்கக் கூடாது. டயலிசிஸ் செய்த காலத்தில் உமக்கு அது ஏழைத் தாண்டி நின்றது என்று இவர் புலம்பியது ஞாபகம். அப்போது கூட இருந்தது ஆபத்து. இப்போது இல்லாமல் போவது ஆபத்து.

டொக்டர் நிச்சயமாகப் பால் குடிக்க, மீன், முட்டை, பருப்பு சாப்பிடச் சொல்லியிருப்பார். அப்படிச் சாப்பிடுகிற ஒருவருக்கு மாதாமாதம் இப்படி இறங்காது.

படி ஏறும்போது தொடை வலிக்கிறதா? சீப்பால் தலை இழுக்கக் கையைத் தூக்கினால் பாரமாக இருக்கிறதா? என்ன சாப்பிடுகிறீர்? இவற்றுக்கு மட்டும் பதில் எழுதும். நன்றி வேண்டாம்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை
18 ஆகஸ்ட் 2003

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் வெட்கமும் பிறகு கோபமும் வந்தன. நான் என்ன வாசிக்கிறேன் என்பதைக்கூட யாருக்கும் சொல்லாதவள். மூன்று மாதமாக என் இரத்தத்தையே நீங்கள் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். தொடை வலிக்கிறது. என் அறை மேல்மாடியில். படியின் நடுவில் இருந்துவிடுகிறேன். கையில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பேன். அம்மா கண்டு, "ஏன் பிள்ளை படியில இருக்கிறாய்?" என்றால், "இஞ்சதான் வெளிச்சம் நல்லம்" என்பேன். இந்த மாதம் அந்தப் படியில் ஒரு தடித்த நாவலையே முடித்துவிட்டேன். தலை இழுப்பது அம்மா.

சிறுநீரகம் பழுதாகிறது என்றுதான் நினைத்தேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்லவில்லை. எதைச் சொல்லிக்கொண்டு உங்களிடம் வந்து நிற்கக் கூடாதோ, அதுவே நடக்கிறது என்று நினைத்தேன்.

சாப்பாடு. நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். டயலிசிஸ் செய்த இரண்டு வருடமும் பால், பருப்பு, முட்டை, கச்சான், கருவாடு எல்லாம் தடை. மற்றவற்றை மறந்துவிட்டேன். கருவாட்டை மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் நெத்தலிக் கருவாடு பொரித்தால் யன்னலைப் பூட்டிவிட்டு அழுதிருக்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இந்தச் சிறுநீரகம் என் உடம்பில் பிடித்தால், எனக்கு மறுக்கப்பட்ட எல்லாவற்றையும் அடுத்த ஆண்டுத் திருவிழா வரை நானாகவே மறுப்பேன் என்று. என்னிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது? நகையா, நிலமா? ஆசை ஒன்றுதான் இருந்தது.

டொக்டர் எல்லாம் சாப்பிடச் சொன்னார். நான் தலையாட்டினேன். பொஸ்பேற் கூடுவதற்கு ஒரு மருந்துத் தண்ணீரும் தந்திருக்கிறார். அது வயிற்றில் நிற்பதில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. திட்டுங்கள்.

செலீன்

*

வெள்ளவத்தை
22 ஆகஸ்ட் 2003

செலீன்,

திட்டத்தான் போகிறேன்.

கடவுளுக்கு உம்முடைய எலும்பில் இருக்கிற பொஸ்பேற் எதற்கு? அதை வைத்து அவர் என்ன கட்டப் போகிறார்?

அந்தச் சிறுநீரகம் பழுதாகவில்லை. நேர்மாறு. விளங்கும்படி எழுதுகிறேன். உம்முடைய பழைய சிறுநீரகங்களால் பொஸ்பேற்றை வெளியே தள்ள முடியவில்லை. அதனால் உடம்பு "தள்ளு, தள்ளு" என்று வருடக்கணக்காகக் கத்திக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லை. இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், நல்ல பலசாலி. பழைய உத்தரவு இன்னும் இரத்தத்தில் ஓடுகிறது. அவர் அதைக் கேட்டு இராப்பகலாக அள்ளி வெளியே கொட்டுகிறார். அந்த உத்தரவு அடங்க மாதங்கள் எடுக்கும். அதுவரை நீர் வாயால் உள்ளே போட வேண்டும். போடாவிட்டால் எலும்பிலிருந்து எடுப்பார். பழுதான சிறுநீரகம் இப்படி வேலை செய்யாது. அண்ணனைப் போலத்தான் இருக்கிறது: சொன்ன வேலையை யோசிக்காமல் செய்வது.

யோசிக்காமல் என்று எழுதிய பிறகு இதையும் எழுதத்தான் வேண்டும். அவர் சிறுநீரகம் கொடுத்ததற்காக நான் கோபிக்கவில்லை. டொக்டர் கேட்டு முடிக்க முதல், "ஓம், நான் குடுக்கிறன்" என்றாரே, அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. நாளைக்கு அவளுக்கு ஒன்று தேவைப்பட்டால் யாரிடம் போவது? அதை இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நீரும் கேட்கவில்லை.

அதனால் இது உம்முடைய நேர்த்தி மட்டும் இல்லை. என் பிள்ளைக்கு இல்லாமல் போன ஒன்றை நீர் வைத்துக்கொண்டு பட்டினி போடுகிறீர். இன்றைக்கே சாப்பிடும்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை
27 ஆகஸ்ட் 2003

மச்சாள்,

நீங்கள் கேட்டது நியாயம். நான் கேட்டிருக்க வேண்டும். என் உயிரை நினைத்துக்கொண்டிருந்ததில் உங்கள் பிள்ளையின் உயிரை நினைக்கவில்லை.

ஆனால் சாப்பிட முடியவில்லை. முந்தநாள் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தம்ளர் பால் ஊற்றி வைத்தேன். ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கேட்டது கிடைத்த பிறகு, கொடுத்ததைத் திருப்பித் தா என்று எப்படிச் சொல்வது? திருப்பி எடுத்தால் அந்தோனியாரும் திருப்பி எடுப்பாரோ என்று பயம். நீங்கள் விஞ்ஞானம் படித்தவர். நானும் நிறைய வாசித்தவள்தான். பயத்துக்கு முன்னால் வாசித்தது ஒன்றும் வாய் திறப்பதில்லை.

நேர்த்தியை மாற்ற ஒரு குருவானவரைத்தான் கேட்க வேண்டும். என்னால் கோவில் கூட்டத்துக்குள் போக முடியாது. தொலைபேசியில் கேட்கிற விசயமும் இல்லை.

செலீன்

*

வெள்ளவத்தை
3 செப்டம்பர் 2003

செலீன்,

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கொச்சிக்கடைக்குப் போனேன்.

செவ்வாயில் அங்கே எவ்வளவு சனம் என்று உமக்குத் தெரியும். பொட்டு வைத்தவர்களும் பாதிக்கு மேல் நின்றார்கள். ஆகவே என்னை ஒருவரும் புதினமாகப் பார்க்கவில்லை. பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று ஒரு பாதரைப் பிடித்தேன். வயதானவர். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன விசயம் மகள்?"

"ஒரு நேர்த்தியை மாத்த வேணும் பாதர்."

"உங்கட நேர்த்தியா?"

"இல்லை, என்ர மச்சாளின்ர."

"அவ வரேல்லையா?"

"அவவைச் சனத்துக்குள்ள விடேலாது பாதர். கிட்னி மாத்தினது. என்ர அவர்தான் குடுத்தவர்."

"நீங்க எந்தப் பங்கு?"

"நான் பங்கில்லை பாதர். எனக்குப் பிள்ளையார்."

அவர் சிரிக்கவில்லை. கதையை முழுக்கக் கேட்டார். "கருவாடா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். பிறகு, "உடம்பைக் கெடுக்கிற நேர்த்தி ஆளைக் கட்டாது. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கோ. அதுக்குப் பதிலா ஒவ்வொரு செவ்வாயும் வீட்டில இருந்து செபமாலை சொல்லட்டும். நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

நான் போகவில்லை. உம்மை எனக்குத் தெரியும். பதிலுக்குச் செபமாலை என்றால், குறைத்துக் கொடுத்துவிட்டோமே என்று அதையும் நினைத்து உருகுவீர்.

"அப்ப அந்தக் கருவாடு, பாதர்?"

"என்ன கருவாடு?"

"அவ குடுத்தது. அது அந்தரத்தில நிக்குமே. நான் எடுக்கிறன். மிச்ச மாதமெல்லாம் அவவுக்குப் பதிலா நான் விடுறன். பால், கருவாடு, பருப்பு, எல்லாம்."

பின்னால் நின்ற மனுசி, "கெதியா முடியுங்கோவன் தங்கச்சி, எங்களுக்கும் பாவம் இருக்கு" என்றா. பாதர், "இதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லை மகள். ஆனா அந்தோனியார் ஆரெண்டு பார்த்து வாங்கிறவர் இல்லை" என்றார்.

முடிந்தது. நேர்த்தி இப்போது என்னிடம். எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்கின்றன. திருவிழா வரை பால் குடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் நான் ஒரு நாளைக்கு ஆறு தரம் பால் தேத்தண்ணீர் குடிக்கிறவள் என்பது உமக்குத் தெரியும். இன்று காலையிலேயே வெறும் தேத்தண்ணீரோடு இருந்தேன். ஹமீமா, "என்னா மிஸ், நீங்களும் நோம்பு புடிக்கிறீங்களா?" என்றாள். "ஓம், ஒருத்திக்குக் கருவாடு வேணுமாம், அதுக்கு" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லை.

இனி நீர் சாப்பிடாவிட்டால் நான் சும்மா பட்டினி. மாமியை அடுப்பு மூட்டச் சொல்லும்.

கௌரி

*

கொட்டாஞ்சேனை
20 நவம்பர் 2003

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மா நெத்தலி பொரித்தா. வாசித்துக் காட்டியதும் கடைக்குப் போனா. திரும்பி வந்து சட்டியை வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையை நான் சரியா நினைக்கேல்லை" என்றா. உங்களைத்தான்.

முதல் வாயிலேயே அழுகை வந்துவிட்டது. கொச்சிக்காயும் வெங்காயமும் போட்ட பொரியல். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா நம்பவில்லை. காரம் என்றால் இரண்டாம் தரம் ஏன் போட்டாய் என்று கேட்டா.

ஒக்டோபரில் எழுதியிருக்கலாம். நிச்சயமாகத் தெரியட்டும் என்று பொறுத்தேன். பொஸ்பேற் எவ்வளவு என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. எனக்கு முன்னால் நீங்கள் அறிந்துவிடுகிறீர்கள். உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன். போன ஞாயிறு கீழிருந்து மேல்மாடிக்கு நிற்காமல் ஏறினேன். மேலே போய், ஏறியதை நம்பாமல், இறங்கி மறுபடி ஏறினேன். அம்மா கீழே நின்று, "என்னடி, மேல என்னத்தை விட்டிட்டு வந்தனி?" என்று கத்தினா. "ஒண்டையும் விடேல்லை அம்மா" என்றேன். தலையை நானே இழுத்துப் பின்னினேன். கோணல். அப்படியே கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நேர்த்தி உட்பட. அவர் சிங்களவர். கதையைக் கேட்டுவிட்டு, தன் மனைவியும் கொச்சிக்கடைக்குப் போகிறவர் என்றார். பிறகு பழைய றிப்போட்டுகளை வரிசையாக விரித்தார். "பொஸ்பேற் இறங்குகிறதென்று நீங்கள் பயந்தீர்கள். இந்த முதல் வருடத்தில் அது மேலே ஏறியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். இப்படி இறைத்துத் தள்ளுகிற சிறுநீரகங்கள்தான், நான் பார்த்த அளவில், கனகாலம் ஓடுகின்றன" என்றார். கனகாலம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "அதை இரத்தத்தில் பார்க்க முடியாது. ஆனால் நீண்ட புத்தகமாகவே எடுத்து வாசியுங்கள்" என்றார்.

மச்சாள், நான் படியில் இருந்து பயந்த ஒவ்வொரு நாளும் அது எனக்காக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

உங்கள் வெறும் தேத்தண்ணீரை நினைக்காமல் ஒரு நாளும் பால் குடிப்பதில்லை. நினைத்துக்கொண்டு நன்றாகக் குடிக்கிறேன்.

செலீன்

*

வெள்ளவத்தை
14 ஜூன் 2004

செலீன்,

நேற்றைய திருவிழாச் சனத்துக்குள்ளும் வெடிச் சத்தத்துக்குள்ளும் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அந்தோனியாரின் சுருவம் வந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் பிடி என் கையை நோகப் பண்ணியது. போன வருடம் சீப்புப் பிடிக்க முடியாத கை. எனக்கு அந்த நோவு பிடித்திருந்தது.

விறாந்தையில் நான் சொன்னதை மாற்றுகிறேன். அது ஒருநாள் பழுதாகிப் போனாலும் வா. முதலில் என்னிடம் வா. மகள் ஐந்து வயதிலேயே, "செலீன் மாமிக்கு அப்பான்ர கிட்னி, அம்மான்ர நேர்த்தி, நான் என்னத்தைக் குடுக்கிறது?" என்று கேட்கிறாள். அவளுக்கு ஒன்று தேவைப்பட்டால் எங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. உன் அண்ணாவிடம் என் கேள்வியைக் கேட்டேன். ஒரு வருடம் பிந்தி, என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இந்த மாதப் பொஸ்பேற் 3.1. கல்சியம் 9.5. கிரியேற்றினின் 1.0. கையெழுத்து வைத்துவிட்டு, கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றேன். ஹமீமா பயந்துவிட்டாள்.

கௌரி

*

வெள்ளவத்தை
2 ஜூன் 2014

அன்புள்ள செலீன்,

காலையில் அரை மணித்தியாலம் தொலைபேசியில் கதைத்துவிட்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. இவர் பக்கத்தில் இருந்தார்.

பதினொரு வருடம். உன்னுடைய ஆண்டு இரத்தமும் இவருடையதும் ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. பொஸ்பேற், கல்சியம் இரண்டு பேருக்கும் அந்தமாதிரி, ஒரு குறையும் இல்லை. கிரியேற்றினின் உனக்கு 1.0. இவருக்கு 1.2. அது குறையக் குறைய நல்லது; இரண்டும் நல்லதுதான். ஆனால் நான் அதை வாயை விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எது குறைய? அவளின்ரயா?"

"ஓம், அவளின்ரதான்."

"என்னட்ட இருந்து போனதா?"

"ஓம்."

"அப்ப அந்த டொக்டர்மார் நல்லதைக் கழட்டி அவளுக்குக் குடுத்திட்டாங்கள்!"

கொடுக்கிறவரிடம்தான் நல்லதை விட்டு வைப்பார்கள் என்று சொன்னேன். அது அவரை இன்னும் மோசமாக்கியது. "அப்ப கூடாத கிட்னியே என்ரயை வெண்டிட்டுதா?" என்று கேட்டுவிட்டு இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. துறைமுகக் கந்தோரில் ஒரு மனிதரிடமும் தோற்காதவர், தன் சொந்தக் கிட்னியிடம் தோற்றுவிட்டாராம்.

தசை குறைவென்பதால் பெண்களுக்கு அந்த எண் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இதை அவருக்கு நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஞாயிறு ஹெந்தளைக்கு உன் வீட்டுக்கு வருகிறாராம். சண்டைக்குத்தான்.

உன்,
கௌரி

*

ஹெந்தளை
9 ஜூன் 2014

அன்புள்ள மச்சாளுக்கு,

அண்ணா வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், என் வயிற்றின் வலப் பக்கத்துக்கு விரலை நீட்டினார்.

"நன்றி கெட்டவனே! முப்பத்தாறு வருசம் என்னட்ட இருந்தனி. எனக்கு ஒருநாளாவது இப்பிடி வேலை செய்தனியா?"

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து ஆரோடு சண்டை என்று கேட்டா. அண்ணா விரலை எடுக்கவில்லை. "இவனோட. சொல்லட்டும். என்ன குறை வைச்சனான் உனக்கு?"

அது பேசாது என்பதால், அதன் சார்பில் நான் பதில் சொன்னேன்: "ஒரு குறையும் இல்லை முதலாளி. இஞ்ச சாப்பாடு நல்லம்."

செலீன்